தையல்காரர் எடுத்த கார் அளவு

ஊரில் பாதி ஆண்களின் கால் நீளம் அந்தப் பேண்ட் தையல்காரருக்கு மனப்பாடம். திருடன் ஓடினால்கூட, "முப்பத்தொண்ணரை, இடுப்பு லூசு" என்று அடையாளம் சொல்லக்கூடியவர். அவர் கார் வாங்கக் கிளம்பியதே மனைவியின் முழங்காலுக்காகத்தான். பக்கத்து ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. பேருந்துப் படி ஏற முடியவில்லை. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஆகவே எஸ்.யூ.வி.

ஷோரூம் பெண் மூன்று மாடல் காட்டினாள். அடி மாடலில் கால் வைத்து ஏறப் படியே கிடையாது. உச்ச மாடலில் எல்லாம் உண்டு. நடு மாடலுக்குப் படி வேண்டுமென்றால் பேக்கேஜ். கண்ணாடிக் கூரையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

"படியை மட்டும் குடும்மா. வானத்தைப் பாத்து நான் என்ன செய்யப்போறேன்?"

"செட்டாத்தான் சார் வரும்."

"பேண்ட் தைக்க வந்தவன்கிட்ட ஒரு கோட்டும் சேத்துக் கட்டி அனுப்புற மாதிரி இருக்கே."

அன்றைக்குக் கூட வந்திருந்த மனைவி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நடு மாடலில் ஏறி உட்கார்ந்தேவிட்டாள். "இதுவே போதுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க."

அவரா கேட்பார்? டேப்பை உருவினார். காரின் தரை பதினெட்டு அங்குலம். அவள் கால் இருபத்தேழு. "ஒம்பது அங்குலம் மிச்சம். படியே வேணாம்." அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் நடு மாடல் சீட்டில் ஒற்றைத் தையல், உச்ச மாடலில் இரட்டைத் தையல் என்பது கண்ணில் பட்டுத் தொலைத்தது. எட்டு மாதம் இரண்டுக்கும் நடுவில் நடந்தார். அவர் தலையைக் கண்டாலே காவலாளி டீ சொல்லிவிடுவான். கடைசியில் நடு மாடலையே, பேக்கேஜ் இல்லாமல், வாங்கி வந்தார்.

வாசலில் கார் நின்றது. மனைவி கதவைப் பிடித்தாள். கால் எழவில்லை. கடையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதற்கும் எழவில்லை. எட்டு மாதத்தில் முழங்கால் இறுகிப்போயிருந்தது.

அப்போதுதான் அவர் மண்டியிட்டு, அவள் பாதம் தரையைவிட்டு எவ்வளவு எழும்புகிறது என்று முதன்முறையாக டேப்பை வைத்தார். இரண்டு அங்குலம். மறுபடி வைத்தார். இரண்டுதான்.

"தையல் நல்லாத்தாங்க இருக்கு. வெளியில இருந்தே தெரியுது," என்றாள் அவள்.

கைப்பேசி அடித்தது. அக்கா. "கிளம்பிட்டீங்களாடி?"

"இல்லக்கா. அவர் இன்னும் அளந்துகிட்டிருக்கார்."