மையில் எழுதிய எதிரி

ஜெபமணி ஒரு பூதத்தை உண்டாக்கும்போது அது என்ன தின்னும் என்பதை முதலில் எழுதுவாள். பிறகு எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும். எத்தனை அடி வாங்கினால் சாகும் என்பது கடைசி வரி. அந்த வரியை மட்டும் பென்சிலால் எழுதுவாள்.

சித்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் சோதனைச்சாலை உதவியாளர். அப்பா சத்தியநாதன் வரதய்யபாளையம், சத்தியவேடு என்று சைக்கிளில் போய் வேதம் சொன்னவர். அவர் இறந்ததும் சபையார் சொல்லி இந்த வேலை கிடைத்தது. இருபது வருஷமாக ஜாடிகளில் ஃபார்மலின் மாற்றி, தவளையின் இதயத்தையும் கரப்பானின் வாயையும் சார்ட்டில் வரைந்துகொண்டிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் கடைசி வீடு.

தங்கை எலிசபெத் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 1982இல் அங்கிருந்த வெளிநாட்டு டாக்டரம்மா ஊர் திரும்பும்போது வேண்டாத சாமான்களைக் கொடுத்தார். எலிசபெத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே விளையாட்டுச் சாமான்: பல முகங்கள் கொண்ட பகடைகள், இரண்டு புத்தகங்கள். இங்கிலீஷ் அக்காவுக்குத்தான் வரும் என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜெபமணி ஒரு வாரம் படித்தாள். கட்டம் இல்லை, காய் இல்லை. ஆளுக்கு ஒரு மனிதனை உண்டாக்கிக்கொண்டு அவனாகவே பேச வேண்டும். ஒருவர் மட்டும் மற்ற எல்லாமாகவும் இருக்க வேண்டும். வழி, மழை, கதவு, கதவுக்குப் பின்னால் நிற்பது. வெட்டினால் பட்டதா, எத்தனை உயிர் குறைந்தது என்று பகடை சொல்லும். இரண்டாவது புத்தகத்தில் எதிரிகள் இருந்திருக்க வேண்டும். அதைக் கரையான் தின்று அட்டையை மட்டும் விட்டிருந்தது.

எனவே எதிரிகளை அவளே செய்தாள். ஆற்று மணலுக்கடியில் மாட்டு வண்டி அளவு நண்டு. அதன் வயிறு மட்டும் மெத்து. சுண்ணாம்பால் ஆன ஒருத்தி, மழை வந்தால் கரைவாள். கிணற்றுக்குள் குரலாக மட்டும் இருக்கும் ஒன்று. அது பெயர்களைத் தின்னும்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூவர் வருவார்கள். எலிசபெத், அவள் கணவன் ஞானசிங், பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர் அலர்மேல்மங்கை. ஞானசிங் அரசு பஸ்ஸில் கண்டக்டர், காளஹஸ்தி ரூட். விளையாட்டில் அவன் ஆளின் பெயர் மொட்டையன், கையில் கொடுவாள். டீச்சருடைய ஆள் சுவர் ஏறும் திருடி ரங்கம்மா. எலிசபெத் இங்கேயும் மருந்துக்காரிதான்.

சனிக்கிழமை வருவது ஜெபமணிக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். பொரிவிளங்காய் உருண்டை பிடித்து வைப்பாள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை.

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை சுண்ணாம்புக்காரியின் அக்கா செத்து விழுந்ததும் ஞானசிங் பகடையைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். இதுக்கு எத்தினி உயிரு போட்டிருந்தே?"

"முப்பது, மாப்ளே."

"நாங்க அடிச்சது இருவத்தி நாலுதான். நான் கணக்கு வச்சிக்கினு வரேன். நண்டுக்கும் இப்பிடித்தான். யாராச்சும் சாவற மாதிரி ஆனா ஒடனே அது செத்துப்பூடுது."

"சும்மா இருங்களேன்," என்றாள் எலிசபெத்.

அவன் கை நீட்டி ஜெபமணியின் தாளை எடுத்தான். கடைசி வரி இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து, ஓரிடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அவன் அந்த ஓட்டை வழியாக மனைவியைப் பார்த்தான்.

"பதினாலு மாசம். ஒருத்தனும் சாவல. என் பஸ்ஸுல கூட இப்பிடி நடக்காது."

டீச்சர் சிரித்தார். ஜெபமணி சிரிக்கவில்லை.

"செத்துட்டா அப்புறம் இன்னா பண்ணுவே?" என்றாள். "வர மாட்டியே."

"இப்பதான் வர மாட்டேன். நான் ஜெயிச்சேன்னு நெனச்சிக்கினு வீட்டுக்குப் போனேனே, எல்லாம் நீ குடுத்ததா? நெஜமா கொல்ற மாதிரி ஒண்ணு செஞ்சிட்டு சொல்லி அனுப்பு, வரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அதனால் அவன் சொன்னதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. எலிசபெத் தனக்கு டூட்டி என்று சொல்லியனுப்பினாள். டீச்சர் மட்டும் வந்து, இருவராக ஆட வழியில்லாமல், பாவாடைக்கு ஓரம் அடித்துவிட்டுப் போனார்.

ஜெபமணி முயன்றாள். இருநூறு உயிர் போட்டாள். அது எதிரி இல்லை, சுவர். விஷம் வைத்தாள். விஷத்துக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று கை தானாகவே அடுத்த வரியை எழுதியது. அந்த வரியை அடித்துவிட்டாள். சோதனைச்சாலையில் ஜாடிகளைத் துடைக்கும்போது தேளைப் பார்த்தாள், கட்டுவிரியனைப் பார்த்தாள். எல்லாம் லேபிள் ஒட்டி அமைதியாக இருந்தன.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கட்டமஞ்சி ஏரிக்கரை வழியாக நடந்தாள். ஏரி வற்றியிருந்தது. சரளைக்கல் மேட்டில் கால் வைத்ததும் ஒரு ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டு தலைக்கு நேராக வந்தது. அவள் குனிந்தாள். மறுபடி வந்தது. மூன்றடி பின்னால் போனாள், நின்றுவிட்டது. ஓரடி முன்னால் வைத்தாள், வந்தது. கல்லோடு கல்லாக மூன்று முட்டைகள் இருப்பதை அப்போது பார்த்தாள். பின்னால் போனாள். முன்னால் வந்தாள். குருவி ஒருமுறைகூடத் தவறவில்லை.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி நின்று பார்த்தாள்.

"இன்னாம்மா, குருவியோட சடுகுடு ஆடறியா?"

அன்று அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். என்ன தின்னும்: புல். எங்கே படுக்கும்: மலை வழி குறுகும் இடத்தில், மூன்று முட்டைகளின் மேல். எதற்குப் பயப்படும் என்ற வரிக்கு வெகுநேரம் யோசித்து, முட்டைக்கு, என்று எழுதினாள். பின்வாங்குகிறவர்களைத் துரத்தாது. கடைசி வரிக்கு வந்தபோது பென்சிலைப் பெட்டியில் வைத்துவிட்டு மைப்பேனாவைத் திறந்தாள். உயிர் நாற்பத்தொன்று.

பரீட்சைக் கேள்வித்தாள் கவர்களுக்கு அரக்கு உருக்குவது பள்ளியில் அவள் வேலை. சார்ட் அட்டையில் கவர் செய்து, தாளை உள்ளே வைத்து, ஸ்பிரிட் விளக்கில் அரக்கு உருக்கி வைத்தாள். முத்திரைக்கு டீச்சர் தைக்கும்போது விரலில் மாட்டும் பித்தளைத் தொப்பியை வாங்கி அழுத்தினாள். புள்ளி புள்ளியாக வட்டம் விழுந்தது. எலிசபெத்தை ஆஸ்பத்திரியில் பார்த்துக் கையில் கொடுத்தாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட குடு. சண்டை முடிஞ்சப்புறம்தான் ஒடைக்கணும்."

வெள்ளிக்கிழமை எலிசபெத் வந்து சொன்னாள்: "டிக்கெட் பையிலயே வச்சிக்கினு சுத்தறாரு. டிரைவர் லவ் லெட்டரான்னு கேட்டானாம். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, ஒண்ணும் தெரியல. சோறு துன்ன ஒக்காந்தா பக்கத்துல கவரு."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஞானசிங் வந்து கவரை மேசை நடுவில் வைத்தான். முத்திரை அப்படியே இருந்தது.

மலை வழி குறுகிற்று. அது எழுந்து நின்றது. முதல் அடியில் ரங்கம்மா உருண்டு விழுந்தாள். மருந்துக்காரி அவளை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அது துரத்தவில்லை.

"பாருங்க, அது வரல," என்றார் டீச்சர். "சுத்திப் போலாம் அண்ணா. ரெண்டு நாள் ஆவும், அவ்வளவுதான்."

"மொட்டையன் நிக்கறான்," என்றான் ஞானசிங்.

அவன் பகடை அன்று நன்றாக விழுந்தது. ஒவ்வொரு அடியையும் சொல்லிச் சொல்லிக் கூட்டினான். அதுவும் அடித்தது. மொட்டையனுக்கு உயிர் நான்கு மிச்சம். அவன் மறுபடி வெட்டினான். பட்டது. ஏழு.

"முப்பத்தெட்டு," என்றான்.

எல்லோரும் ஜெபமணியைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் எப்போதும் அது விழும். அவள் கை ரப்பர் இருக்கும் பக்கம் போயிற்று. அங்கே ரப்பர் இல்லை, அவளே எடுத்து வைத்திருந்தாள்.

"நிக்குது," என்றாள்.

"இன்னமுமா?"

"நிக்குது மாப்ளே. பின்னால வரியா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. அவள் பகடையை உருட்டினாள். பதினெட்டு. என்ன ஆயிற்று என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை.

"மொட்டையன் செத்துட்டான்."

எலிசபெத் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஞானசிங் கவரை எடுத்து அரக்கை உடைத்து, கடைசி வரியைப் படித்தான். விரலால் மையைத் தேய்த்துப் பார்த்தான்.

"நாப்பத்தி ஒண்ணு," என்றான். "இன்னும் மூணு."

மொட்டையன் எழுதியிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்து, குடிக்காமல் போனான்.

அந்த வாரம் எலிசபெத் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஜெபமணி கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை பொரிவிளங்காய் மாவை எடுத்தவள், பாதி எடுத்து, பிறகு முழுவதும் எடுத்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். மூன்றே காலுக்கு எலிசபெத் வந்தாள், தனியாக. பஸ் வந்துவிட்டதா என்று மூவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாலு மணிக்குக் காக்கிச் சட்டையோடு ஞானசிங் உள்ளே வந்தான்.

"ரயில் கேட் போட்டுட்டான், பாகாலாகிட்ட," என்றான். ஒரு புதுத்தாளை மேசைமேல் வைத்தான். மேலே பெயர் எழுதியிருந்தது: சின்ன மொட்டையன்.

"யாரு மாப்ளே இது?"

"தம்பி. அண்ணனத் தேடிக்கினு வந்திருக்கான். அண்ணனுக்கு இன்னா ஆச்சின்னு அவனுக்குத் தெரியாது. கூட இருந்தவங்க சொல்லணும்."

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்றேன் நாயனா, கேளு. நாங்க மலை வழியா வந்துகினு இருந்தோம். அங்க அது படுத்துக்கினு இருந்துச்சு, தேர் மாதிரி."

ஜெபமணி அதை எருமை அளவுக்குத்தான் எழுதியிருந்தாள். அவள் திருத்தவில்லை. டீச்சர் சொல்லட்டும் என்று பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தாள்.