அட்டையின் பின்பக்கம்

அந்தத் தொழிற்சாலையின் ஆவண அறையைக் காத்தவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பூட்டு. இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் கடுகடுப்பு. எந்தத் தாள் எந்தக் கட்டுக்குள் கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு மனுஷன் ஆடாத ஆட்டமில்லை. சான்று கேட்டு வருகிறவர்களை நடையாய் நடக்கவிட்டுத்தான் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு சுகம்.

அப்புறம் ஸ்கேனர் வந்தது. புது மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னார்: எலி கடிக்காது, தீப்பிடிக்காது, பெயரைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்து நிற்கும், காலியாகும் அறையில் இன்னொரு இயந்திரம் போடலாம். அதில் ஒன்றும் பொய்யில்லை. பூட்டுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அறையே போனால் தான் எதற்கு?

"மாசக் கடைசிக்குள்ள எல்லாத்தையும் ஏத்திடுங்க. அப்புறம் சான்று குடுக்கற கவுன்டர்ல உங்களையே உட்கார வைக்கிறேன்" என்றார் மேனேஜர். பூட்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கட்டுகளில் பாதி தொழிலாளர்களின் பணி அட்டைகள். முன்பக்கம் படம், பெயர், சேர்ந்த தேதி. எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை என்பதெல்லாம் பின்பக்கம். தடித்த பழைய அட்டைகள். இரண்டு பக்கமும் எடுக்கச் சொன்னால் இயந்திரம் சிக்கிச் சிக்கி நின்றது. பூட்டு பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் போதும் என்று மாற்றிவிட்டார். பின்னாடி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். ஏற்றிய அட்டைகளை அன்றன்றே தூளாக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். தேதிக்கு முன்பே வேலை முடிந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கை குலுக்கியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கவுன்டரில் உட்கார்ந்த சில மாதங்களில் அவருடைய தங்கையே வந்து நின்றாள். அவள் புருஷன் நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கை. பெயிண்ட் அடிக்கும் கொட்டகையில் வேலை செய்ததற்குச் சான்று இருந்தால் வைத்தியச் செலவு முழுக்கக் கம்பெனி பொறுப்பு. அவன் அங்கே கிடந்தது கல்யாணத்துக்கு முன்பு. உடம்பெல்லாம் பெயிண்ட் நாற்றத்தோடு திரிந்த அவனைத் தங்கைக்குப் பேசி முடித்ததே பூட்டுதான்.

பெயரைத் தட்டினார். மாப்பிள்ளையின் இளவயது முகம் பளிச்சென்று வந்தது.

"பின்பக்கத்தைக் காட்டுண்ணே. அதுலதான் எழுதியிருக்குன்னு சொன்னாரு."

"இரும்மா, வந்துடறேன்" என்று மேனேஜர் அறைக்கு ஓடினார். நடந்ததைக் கேட்டு மேனேஜர் கோபப்படவே இல்லை.

"பின்பக்கம் வெறுமையா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா கம்பெனி ரெக்கார்டை நீங்க அழிச்சதா நான் எழுதணும். இந்த மாதிரி கேட்டு இன்னும் நிறைய பேர் வருவாங்க. யோசிச்சுப் பார்த்தா நீங்க கம்பெனிக்கு நல்லதுதான் செஞ்சிருக்கீங்க."

கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தார்.

"பின்பக்கம் ஒண்ணுமே இல்லம்மா. நானே கையால எடுத்து மெஷின்ல போட்டேன்."

"அந்தக் கொட்டகையில நீ அவரைப் பார்த்திருப்பியேண்ணே?"

"பார்த்ததா ஞாபகம் இல்லம்மா."

அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே. இந்த மனுஷன்தான் அங்க கெடந்தேன், அங்க கெடந்தேன்னு என் உயிரை வாங்குறாரு. நோவுல புத்தியும் பெரண்டு போச்சு போல. இனிமே அந்தப் பேச்சை எடுக்கட்டும், பார்த்துக்கறேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.