சந்தனம் பூசிய ரம்ப மிஷின்

என் வீட்டுக்காரருக்கு லீவு நாளில் சும்மா இருக்கத் தெரியாது. ஆவடி தளவாடத் தொழிற்சாலையில் டர்னர் வேலை, வீட்டுக்கு வந்தால் தச்சு வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தோம். பாதி அவர் பலகைகளுக்கு, பாதி என் தையல் மிஷினுக்கு. நான் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். துணி வெட்ட மேஜை இல்லாமல் தரையில் மண்டி போட்டே என் முட்டி தேய்ந்தது. மூன்று வருஷமாக ஒரு மேஜை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரம்ப மிஷின் ஒண்ணு வந்துட்டா உன் மேஜை ஒரே நாள் வேலை" என்பார்.

பாடியில் ஒரு பட்டறையில் பழைய மிஷின் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, ஆயுத பூஜை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இடுப்பளவு இரும்புப் பெட்டி, மேலே வழவழவென்று வார்ப்பிரும்புப் பலகை, அதன் நடுவில் வட்ட ரம்பம். எங்கள் கல்யாணத்தன்றுகூட இந்த மனுஷன் அப்படிச் சிரித்ததில்லை. மிஷின் உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும். மோட்டாரின் மேல் பட்டையாக அப்பியிருந்தார்கள்.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார் இவர்.

பட்டறைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, பூசை போட்ட மிசினை இன்னிக்கு ஓட்டுவாங்களா? நாளைக்கு வா, காட்டறேன்."

"நாளைக்கு எனக்கு டூட்டி."

"நாளைக்கு வேற பார்ட்டி வருது. அப்பால உன் இஷ்டம்."

"சரி, இன்னைக்கே எடுத்துட்டுப் போனா?"

"ஓட்டத்தான் கூடாது. தூக்கலாம், தப்பில்ல."

எந்த சாஸ்திரமோ! எனக்குக் கொடுத்த பொரிகடலையை நான் தின்று முடிக்கும்வரை இவர் மிஷினைச் சோதித்தார். பையிலிருந்து ஸ்கேல், மட்டம் எல்லாம் வந்தன. ரம்பத்தைக் கையால் சுற்றினார். முடியளவு ஆட்டம்கூட இல்லையாம். சந்தனத்தை மட்டும் தொடவில்லை. பூஜைக்கு அவ்வளவு மரியாதை. வாழைக்கன்று கட்டிய டெம்போவில் மிஷின் ஆவடிக்கு வந்தது. என் தையல் மிஷின் சமையலறைக்குப் போனது. எனக்கு எரிந்தது, மேஜை வரப்போகிறதே என்று பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்தவர், ஈரத்துணியால் மோட்டாரைத் துடைத்தார். சந்தனத்துக்கு அடியிலிருந்து ஒரு தகடு எட்டிப் பார்த்தது. அதைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது த்ரீ பேஸ் மோட்டார். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் சிங்கிள் பேஸ் கரண்ட்தான், அதில் இது ஓடாது.

"இத்தனை வருஷம் மிஷின்கூட குப்பை கொட்டறீங்க, இது தெரியாதா?" என்றேன்.

"அங்க பட்டனை அழுத்தினா ஓடும். கரண்ட்டைப் பத்தி யாரு யோசிச்சா?"

பிறகு எங்கிருந்தோ ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடும் நேரம். நாலு வீட்டு பியூஸ் ஒன்றாகப் போனது. நாலு வீட்டுக்காரிகளும் என்னிடம்தான் வந்து கத்தினார்கள். அந்தக் கோபத்தில் அவரிடம் ரம்பத்தைக் கழற்றச் சொன்னேன். அந்த இரும்புப் பலகைமேல் போர்வையை மடித்து விரித்து, நின்றபடியே ஒரு ரவிக்கை வெட்டினேன். முட்டி வலிக்கவில்லை. அன்றிலிருந்து அதுதான் என் மேஜை. தையல் மிஷினும் கொட்டகைக்குத் திரும்பியது. தவறி விழும் கொக்கியும் பட்டனும் ரம்பம் இருந்த பிளவு வழியாக அந்த இரும்புப் பெட்டிக்குள் போய்விடும், மாதம் ஒருமுறை அவரே அள்ளிக் கொடுப்பார்.

தொண்ணூறுகளில் ஐயப்பன்தாங்கலில் சொந்த வீடு கட்டி, ரம்ப மிஷினோடு குடிபோனோம். அலைந்து திரிந்து த்ரீ பேஸ் கனெக்ஷன் வாங்கினார். எதற்கென்று எனக்குத் தெரியாதா? ரம்பத்துக்கு எண்ணெய் போட்டு, பேப்பரில் சுற்றி எட்டு வருஷம் வைத்திருந்தவர்.

"சார், மிஷினுக்கு ஸ்டார்ட்டர் எங்க மாட்டணும்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

மிஷின்மேல் சாக்பீஸ் கோடு போட்ட துணி, பாதி வெட்டியபடி கிடந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நான் நகர்ந்திருக்கலாம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"ஸ்டார்ட்டர் வேணாம்ப்பா" என்றார். "இங்க ஒரு பிளக் பாயிண்ட் குடு. அயர்ன் பாக்ஸுக்கு."