அம்புக்குறியார் நீக்கிய வரி

அம்புக்குறியாரின் தொழில்நுட்பக் காதலுக்கு முதல் பலி அவருடைய அக்காவின் ரேடியோ. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதைக் கழற்றிக் கட்டில் முழுக்கப் பரப்பினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. "மூளையைப் பாரு!" என்று வீடே மெச்சியது. பாட்டுக் கேட்க வழியில்லாமல் போன அக்கா மட்டும் மெச்சவில்லை.

அந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டு அவர் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் வரை வந்துவிட்டார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது பிரித்துப் போடுவார். நேற்றுச் சந்தைக்கு வந்த ஏதோ ஒன்றில் அதைத் திரும்ப எழுத வேண்டும் என்பார். ஒயிட் போர்டு நிறையப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைவார். வேலை பாதியில் நிற்கும்போது அவருக்குப் பதவி உயர்வு வந்துவிடும். மீதியை யாரோ நாலு பேர் தலையில் அடித்துக்கொண்டு முடிப்பார்கள். அம்புக்குறியார் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

புதுக் கருவி எதுவானாலும் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். அட்டையைப் பிரித்து மோந்து பார்ப்பார். உண்மையான காதல்தான், சந்தேகமில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் ஓடிவிடுகிற வகைக் காதல்.

இந்த முறை மேனேஜர் உஷாராகிவிட்டார். "சீஃப் ஆர்க்கிடெக்ட் போஸ்ட் காலியா இருக்கு. ஒரு வேலையையாவது முடிச்சுக் காட்டுங்க, தர்றேன். இல்லேன்னா வெளிலேர்ந்து ஆள் எடுத்துடுவேன்."

வேலை ஓர் ஆஸ்பத்திரி லேபுக்கானது. ரத்தம் எடுத்ததும் குழாயில் ஒட்ட நோயாளியின் பெயரோடு லேபிள் அடிக்க வேண்டும். பழைய புரோகிராமைத் திறந்த அம்புக்குறியார் சிரித்தேவிட்டார். ஒவ்வொரு லேபிளுக்கும் நடுவே, கொஞ்சம் பொறு என்று ஒரு வரி.

"கம்ப்யூட்டரைத் தூங்கச் சொல்லியிருக்கான்! எவன் இவன்?"

"ஏதாவது காரணம் இருக்கும் சார். கேட்டுட்டு எடுக்கலாமே" என்றாள் பக்கத்து மேசை டெஸ்டர்.

"யாரைக் கேக்கறது? எழுதினவனும் தூங்கிட்டிருப்பான்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, வரியை நீக்கினார். நிஜ பிரிண்டரில் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அவர் போர்டில் வரைந்த படத்தில் பிரிண்டர் மூலையில் ஒரு சின்னப் பெட்டிதானே.

புது சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய முதல் காலையே நர்ஸிடமிருந்து போன் வந்தது. "ஒண்ணு விட்டு ஒண்ணுதான் லேபிள் வருது சார். மிச்ச ரத்தத்துக்கெல்லாம் நானே பேர் வெக்கட்டுமா?"

நல்லவேளை, அந்த நர்ஸ் கையாலேயே பெயர் எழுதிக் குழாய்களில் ஒட்டிவிட்டார். இங்கே அம்புக்குறியாருக்குச் சட்டை நனைந்தது, நோயாளிகளை நினைத்து அல்ல. கைக்கு எட்டிய நாற்காலி நழுவிக்கொண்டிருந்தது.

"பிரிண்டருக்கு மூச்சு விட நேரம் வேணும் சார். ஒண்ணை அடிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது போனா விட்டுடுது. அந்த வரியைத் திரும்பப் போட்டுடுங்க" என்றாள் டெஸ்டர்.

போட்டார். ஆனால், தான் சிரித்த வரியை வெறும் வரியாகப் போட அவர் மனம் ஒப்புமா? போர்டில் புதிதாகப் பெரிய பெட்டி வரைந்தார். 'ஃப்ளோ கன்ட்ரோல் லேயர்' என்று பெயர் சூட்டினார். சுற்றிலும் அம்புகள். உள்ளே இருந்தது அந்த வரி மட்டும்.

லேபிள்கள் ஒழுங்காக வந்தன. படத்தைப் பார்த்த மேனேஜர், புரியாதவர்கள் ஆட்டும் விதமாகத் தலையை ஆட்டினார். "பரவாயில்லையே, முடிச்சுட்டீங்க!"

பதவி கிடைத்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவர்கிட்ட சொல்லலியே சார்?"

"அதெல்லாம் ரொம்ப ஆழமான விஷயம்மா" என்று டெஸ்டரிடம் சொல்லிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, நான் சீஃப் ஆர்க்கிடெக்ட் ஆயிட்டேன்!"

"அப்படின்னா என்னடா வேலை?"

"எது எதோட எப்படிச் சேரணும்னு இனிமே நான்தான் சொல்லுவேன்."

"நல்லதாப் போச்சு. என் ரேடியோ கட்டிலுக்கடியில டப்பாவுல அப்படியே கிடக்கு. வந்து சேத்துக் குடு."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி அவர் போனை வைத்தார்.