யோகன் அண்ணை மூடிய கிணறு

யோகன் அண்ணை செத்துப்போனார். இப்போதுதான் சுடலைக்குக் கொண்டு போனார்கள்... செத்தவீட்டுப் படலையடியில் நின்றபடி எழுதுகிறேன்.

உடுவில் பக்கம் எங்கள் ஒழுங்கையில் ஸ்கூல் வான் ஓடியவர். என்னையும் ஏற்றினார், பிறகு என் மகளையும் ஏற்றினார்.

எங்கள் வீட்டுக் கிணறு உவர். ஒழுங்கையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். குடிக்க, தேத்தண்ணி போட எல்லாம் அண்ணையின் வளவுக் கிணறுதான்.

அவருடைய அப்பா காலத்தில் கடைசி வீட்டுப் புஷ்பம் அக்காவின் தாயை அந்தக் கிணற்றில் அள்ள விடவில்லை. சாதி. எல்லோருக்கும் படலையைத் திறந்துவிட்டது அண்ணைதான்.

பிறகு அண்ணையின் வளவுக்குப் பின்பக்கக் காணியில் ஒரு வாகனப் பட்டறை வந்தது. எஞ்சின் சாமான்களைக் கரைப்பானில் கழுவி, அந்த அழுக்கை ஒரு குழிக்குள் ஊற்றினார்கள். சுண்ணாம்புக்கல் நிலம்... கீழே போனது எங்கே போகும்?

ஒரு மாரிக்குப் பிறகு அண்ணை வாளியை மணந்து பார்த்தார். "பிள்ளை, உது பெயின்ற் கடை மாதிரி மணக்குதெல்லே?"

எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. புஷ்பம் அக்கா சிரித்தார். "யோகன், உனக்கு மூக்கிலதான் வருத்தம். டொக்டரிட்டைப் போய்க் காட்டு."

மனிசன் விடவில்லை. அலைந்து திரிந்து, தண்ணீர் சோதிக்கிற லாப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளையை வரவழைத்தார்.

வீட்டுக்கு ஆள் வருகுது என்றால் எங்கடை சனம் சும்மா இருக்குமா? அவள் வருவதற்கு முதல் நாளே அண்ணை மோட்டர் போட்டுக் கிணற்றை இறைத்து, பாசி உரஞ்சி, குளோரினும் போட்டுப் பளிச்சென்று வைத்திருந்தார்!

ரிப்போர்ட் வந்தது. ஒன்றுமில்லை. அண்ணை அதைப் படலையில் ஒட்டினார், நாங்கள் சந்தோசமாகக் குடித்தோம்.

ஆனால் அவருக்கு மணம் போகவில்லை. அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்.

"போன முறை இறைச்சனீங்களே ஐயா?"

"ஓம் பின்னை. நீங்கள் வாறியள் எண்டு."

அவள் நெற்றியில் கை வைத்தாள். "ஐயா... நீங்கள் குடிக்கிற தண்ணியையெல்லே நான் பாக்க வேணும்."

இந்த முறை சின்னக் கண்ணாடிப் போத்தலை விளிம்புவரை நிரப்பி, கவிழ்த்துக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே காற்று இருந்தால் கரைப்பான் அதற்குள் ஏறிவிடுமாம்.

கொதிக்க வைத்தால் போகாதா என்று அம்மா கேட்டார். "போகும் அம்மா. உங்கடை குசினிக்குள்ளதான் போகும். பிறகு அதை மூச்சில எடுப்பியள்."

இரண்டாவது ரிப்போர்ட்டில் கரைப்பான் இருந்தது. குடிக்கவே கூடாது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம் என்றார்கள்.

அன்றைக்கே அண்ணை வாளிக் கயிற்றை அறுத்தார். கிணற்றைத் தகரத்தால் மூடிப் படலையையும் பூட்டினார்.

புஷ்பம் அக்கா ஒழுங்கையில் நின்று கத்தினார். "முதல் நல்லம் எண்டு ஒட்டினாய், இப்ப கூடாது எண்டு பூட்டுறாய். உன்ரை அப்பன்ரை புத்தி வந்திட்டுது, என்ன? எங்களுக்குத் தண்ணி தர மனமில்லை எண்டு சொல்லன்!"

அண்ணை விடிய ஸ்கூல் வானில் தூரத்திலிருந்து கான்களில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு வாசலிலும் வைத்தார். அக்கா தன் வாசலில் இருந்ததைக் காலால் தட்டி ஊற்றினார்.

பிறகு தண்ணீர் லொறி, பவுசர், வரத் தொடங்கியது. அக்கா அவரோடு கதைக்கவே இல்லை.

பட்டறைக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நாசமாய்ப் போவார்கள்.

போன வருடம் அண்ணையின் கண் மஞ்சளானது. ஈரலில் புற்று. டொக்டரிடம் நான்தான் கேட்டேன், அந்தத் தண்ணியாலோ என்று.

"ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது... யாரைப் பேசுவது?

இன்று அண்ணையின் உடலைக் குளிப்பாட்டுகிற நேரம். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர், விஷயம் தெரியாமல், கிணற்றுத் தகரத்தை விலக்கப் போனார்.

புஷ்பம் அக்கா குறுக்கே போய் நின்றார். "அதில வேண்டாம். மனிசன் கூடாது எண்டு மூடின தண்ணி."

வீட்டுக்குப் போய், பவுசர் தண்ணீரைக் குடத்தில் இடுப்பில் சுமந்துகொண்டு வந்தார். அதில்தான் குளிப்பாட்டினார்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணை.