சித்தப்பாவின் டென்மார்க் கதிரை

சித்தப்பா அந்தக் கதிரையைத் தோளில் சுமந்துகொண்டு மல்வேர்னில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு எட்டு வயது. பார்த்தவுடனேயே எனக்கு அதில் பயம். உயரமான முதுகு, சாம்பல் நிறக் கம்பளித் துணி, முன்னால் நீண்ட இரண்டு தடித்த கைகள், அவற்றின் நுனியில் மரத்துண்டுகள். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பின்னாலிருந்து ஒரு கரடி கட்டிப்பிடிப்பது போலிருக்கும்.

சித்தப்பா ஊரில் போர் முடிந்தபிறகு இங்கே வந்தவர். அகதி வழக்கு முடியும்வரை எங்களோடு இருந்தார். ஆட்கள் விட்டுப்போன வீடுகளைக் காலி செய்து கொடுக்கும் ஒரு கொம்பனியில் வேலை.

“உது ஆற்றை?” என்று அம்மா கேட்டார்.

“செத்துப்போன ஒரு கிழவன்ரை, அண்ணி. பிள்ளையள் எறியச் சொல்லிப்போட்டினம்.”

அம்மா அடுத்த நிமிடமே மஞ்சள் தண்ணீர் கரைத்து வந்து கதிரை முழுக்கத் தெளித்தார். கிழவன் போனாரோ இல்லையோ, மஞ்சள் கறை போகவேயில்லை. சித்தப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. கதிரையை மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாசலைப் பார்த்தபடி இருந்துகொண்டார். படுக்கையை விட்டுவிட்டு அதிலேயே தூங்கவும் தொடங்கினார்.

சில நாட்களில் பள்ளி நூலகத்தில் ஒரு படப்புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் முழுக்க எங்கள் கதிரை! அதைச் செய்தவர் டென்மார்க்கில் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாம். சிறுவயதிலேயே தச்சுப் பட்டறைக்குப் போய், பிறகு தலைநகரில் படித்து, கிழவராகும்வரை நூற்றுக்கணக்கான கதிரைகளை வரைந்து தள்ளியவர். ஒரு மனிசனுக்கு இத்தனை கதிரை எதுக்கு என்று அம்மா கேட்டிருப்பார். கதிரை என்றால் பின்பக்கமும் முன்பக்கம்போல அழகாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கையாம். கடைசி வரியில்தான் என் தலையில் இடி விழுந்தது. அவருடைய கதிரைகளை மியூசியங்களில் வைத்திருக்கிறார்கள்.

மியூசியத்தில் வைக்கிற சாமானை எந்த மடையன் எறிவான்? சித்தப்பா களவெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

“ஒரு சின்னப் பிழை விட்டாலும் ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், கவனம்” என்று அப்பா அவருக்கு அடிக்கடி சொல்வார். அனுப்பினால் என்ன நடக்கும் என்று நான் கேட்டால், மேலே போய் விளையாடச் சொல்வார்கள். ஊரில் ஒருநாள் கதவைத் தட்டிச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். தொடங்கும்போதே எனக்கு மாடிப்படியைக் காட்டிவிடுவார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்குத் தலை பின்னிவிடத் தெரிந்த ஒரே ஆம்பிளை அவர்தான். தெருவில் பொலிஸ் கார் போனாலே யன்னல் சீலையை இழுத்துவிட்டேன். கதிரையின்மேல் போர்வையைப் போட்டு மூடினேன். அம்மா அதை உருவித் தோய்க்கப் போட்டார். மியூசியத்தின் முத்திரை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். சித்தப்பா ஓடிவந்து திரும்பவும் சுவரோடு தள்ளினார்.

“பின்னுக்கு இடம் விடாதை, பிள்ளை.”

களவை மறைக்கிறார் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவு பலமாகத் தட்டப்பட்டது. யன்னலால் பார்த்தேன். சீருடை, இடுப்பில் தடித்த பட்டி, அதில் ஏதோ தொங்கியது.

“சித்தப்பா, பொலிஸ்!”

அவர் கதிரையை விட்டு எழும்பினார். என்னைத் தூக்கிக் கதிரைக்குள் இருத்தி, “அசையாதை” என்றார். போய்க் கதவைத் திறந்தார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றார்.

வந்தவர் காஸ் மீற்றர் பார்க்கிறவர். தான் யாரென்று அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், பிறகும் சொன்னார். சித்தப்பாவின் கைகள் இறங்கவில்லை. கடைசியில் நான்தான் இறங்கிப்போய் நிலவறையைக் காட்டினேன். வந்தவர் மீற்றரைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

சித்தப்பா கதவடியில் நிலத்தில் இருந்துவிட்டார். சேர்ட் தெப்பமாக நனைந்திருந்தது. நான் அவர் காதுக்குள் சொன்னேன்.

“கதிரையைத் திருப்பிக் குடுத்திடுங்கோ, சித்தப்பா. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். குடுத்தால் உங்களைப் பிடிக்கமாட்டினம்.”

அவர் என்னை விளங்காமல் பார்த்தார்.

“எந்தக் கதிரை, பிள்ளை?”

அந்தப் பயத்திலும் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. இவ்வளவு நடுங்கிக்கொண்டும் என்னமாய்ப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.