மும்பை டு மதுரை: ரெண்டே மணி நேரம்

போன வாரம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. ஊர் கோவில்பட்டி. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்தணும்.

சித்தப்பா மகன் முருகன் தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருக்கிறான். "ரயில்ல சேந்து போவமாண்ணே?" என்று கேட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒண்ணரை நாள் எவன்டே உக்காருவான்? மதுரைக்கு பிளைட் ரெண்டே மணி நேரம். நீ போய்ச் சேர்றதுக்குள்ள நான் போயிட்டுத் திரும்பிருவேன்!"

காலை ஆறரைக்கு விமானம். எட்டரைக்கு மதுரை. கார் பிடித்தால் பத்தரைக்குக் கோவில்பட்டி. நல்ல நேரம் பன்னிரண்டு வரை... கணக்கு எப்படி?

எட்டரைக்கு நான் மும்பையிலேயே இருந்தேன். விமானத்துக்குள்தான் — ஆனால் விமானம் தரையில். முன்னால் ஏழெட்டு விமானங்கள் வரிசையில். மும்பையில் எப்போதும் அடைத்துக் கிடக்கும் சயான் சிக்னலே தேவலை.

தங்கை போன். "அண்ணே, எங்க வாரிய?"

"மதுரையில இறங்கியாச்சும்மா. கார்ல ஏறிட்டேன்!"

ஏன் அப்படிச் சொன்னேன்? பழக்கம்தான். செம்பூரில் வீட்டு லிஃப்டுக்கு நிற்கும்போதே "வடாலா வந்துட்டேன்" என்போம். வடாலாவில் நின்றுகொண்டு "தாதர்" என்போம். கேட்கிறவருக்கும் இது தெரியும். ஒரு ஸ்டேஷனைக் கழித்துக்கொள்வார். நான் கழிக்கச் சொன்னதோ ஒரு முழு விமானப் பயணத்தை.

ஒன்பது மணிக்குத்தான் பறந்தோம். கோவில்பட்டி மண்டபத்தில் நான் நுழைந்தபோது மணி ஒன்று. பந்தி நடந்துகொண்டிருந்தது. குழந்தை மொட்டைத் தலையும் புதுத் தோடுமாக முருகன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "சாப்புட்டியளாண்ணே?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் வரை காத்திருந்தார்களாம். குழந்தை பசியில் அலறியிருக்கிறது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். தன் மாமியார் முகம் போன போக்கைத் தங்கை சொல்லவில்லை. நானே போய்ப் பார்த்துக்கொண்டேன்.

"டிராபிக்மா..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கண்ணே. நீங்க போன்ல பேசும்போது பெல்ட்டு போடச் சொல்லி ஒரு பொம்பள இந்தியில பேசுனது கேட்டுச்சு. மதுரைக் காருக்குள்ள ஏது இந்திக்காரி?"

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் காத்திருந்தே?"

"எப்படியாவது வந்துருவியன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வெட்கமாக இருந்தது, வேறென்ன?

திரும்பி வர எடுத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு முருகனோடு ரயிலேறினேன். அவன் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் பாதி எனக்கு.

மறுநாள் மனைவி போன் செய்தாள். "எங்க வந்துட்டிருக்கீங்க?"

"புனே தாண்டி..." என்று வாய் தானாகத் திறந்தது. எதிர் சீட்டிலிருந்து முருகன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு நிமிஷம் இரு" என்றேன். ஜன்னலில் எட்டி, ஸ்டேஷன் பலகையைப் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.